மெதுவா சார் ரொட்டி சுட்ட கதை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட எல்லோருக்கும் அவர் 'மெதுவா சார்'தான். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, "மெதுவா... மெதுவா..." என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருமுறை ஒரு பெண், "சார், நான் இன்னும் வண்டியவே ஸ்டார்ட் பண்ணலை" என்று சொல்லவேண்டி வந்தது.

இந்தப் பழக்கம் வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனைவி வெங்காயம் நறுக்கினால் பின்னால் நின்று "விரல், விரல்" என்பார். தொலைக்காட்சியில் இரண்டு கார்கள் துரத்திக்கொண்டால் அவர் கால் தரையை அழுத்தி மிதிக்கும். வார விடுமுறை நாளில், மனைவி மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போன பிறகு, மேற்பார்வை பார்க்க வீட்டில் ஆளில்லாமல் தவித்துப்போவார். வெளியூரில் இருக்கும் மகளுக்குத்தான் போன் போகும். சமைத்தாயா, காஸை அணைத்தாயா, மாப்பிள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனாரா என்று விசாரணை நடக்கும். மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு பிரெட் மெஷின் வாங்கி அனுப்பினாள்.

"ரொம்ப ஈஸிப்பா. தண்ணி, எண்ணெய், உப்பு, சர்க்கரை, அதுக்கு மேல மைதா. மாவுல சின்னதா ஒரு குழி பண்ணி ஈஸ்ட்டைப் போடுங்க. பட்டனை அமுக்கிட்டுப் போயிடுங்க."

"எங்க போறது?"

"எங்கயாவது போங்க. அதுவே பிசையும், அதுவே பொங்க வைக்கும், அதுவே சுட்டும் கொடுக்கும்."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாதுப்பா."

"இப்படிச் சொன்னவங்க எத்தனை பேரு கம்பத்துல மோதியிருக்காங்க தெரியுமா?"

முதல் ரொட்டிக்கு அவர் எல்லாவற்றையும் கிராம் பிசகாமல் அளந்து போட்டார். மெஷின் ஒரு சின்ன முனகலோடு ஓடியது. "எவ்வளவு அமைதியா வேலை செய்யுது பாரு" என்று மனைவிக்கு போனில் பெருமையடித்தார். சாயங்காலம் மூடியைத் திறந்தால், மேலே சுடச்சுட வெறும் மாவு. அடியில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து வந்த மனைவி அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் இருந்த சின்ன இரும்பு இறக்கை ஒன்றை எடுத்தாள்.

"இது என்னங்க?"

"ஸ்பேர் பார்ட்டா இருக்கும்."

"பிசையறதே இதுதாங்க. அமைதியா இருக்காம பின்ன என்ன செய்யும்?"

இரண்டாவது தடவை இறக்கையை மாட்டினார். மெஷின் கடமுடவென்று பிசைந்தது. மாவு உருண்டு திரண்டதைத் திறந்து பார்த்தார். பொங்குகிறதா என்று திறந்து பார்த்தார். பொங்கியது நிஜமா என்று விரலால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார். சுட ஆரம்பித்த பிறகும் மனசு கேட்கவில்லை. கடைசியில் வெளியே வந்த ரொட்டி, யாரோ உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன தலையணை மாதிரி நடுவில் குழிந்திருந்தது.

"எத்தனை தடவை திறந்தீங்க?"

"ஒரு தடவை. ரெண்டு இருக்கும்."

"நடுவுல உங்க விரல் அச்சு அப்படியே இருக்குங்க."

மூன்றாவது ரொட்டியைத் தன் விடுமுறை நாளில் மனைவியே போட்டாள். போட்டுவிட்டு நன்றாகத் தூங்கினாள். அவர் மெஷினை நெருங்கக் கூடாது என்று தடை. வெளியே வந்த ரொட்டி கும்மென்று மேலெழும்பி, பொன்னிறத்தில், பஞ்சு மாதிரி இருந்தது. மெதுவா சார் ஏதாவது குறை சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். வாய் நிறைய ரொட்டி இருந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க" என்றாள் அவள். அடக்கமாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவரை ராத்திரி முழுக்கக் குடைந்தது.

அடுத்த விடுமுறை நாள் வந்ததும் ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினார். மனைவியின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். இறக்கையை மாட்டி ஆட்டிப் பார்த்தார். பட்டனை அமுக்கினார். மாவு பந்தாகத் திரளும்வரை பக்கத்திலேயே நின்றார். சிந்திய மாவைத் துடைத்து, குப்பைப் பையைக் கட்டி, கீழே போட்டுவிட்டு ஒரு நொடியில் வந்துவிடலாம் என்று இறங்கினார். மாடியேறி வந்தால், காற்றில் கதவு சாத்திக்கொண்டிருந்தது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு. சாவி உள்ளே. போன் உள்ளே. ரொட்டி உள்ளே. வெளியே ஏப்ரனும் பாத்ரூம் செருப்புமாக அவர் மட்டும்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்வார். "என்னண்ணே, புது டிரஸ்ஸா?" என்றார். விஷயம் தெரிந்ததும் தன் போனிலேயே கண்ணாடிக் கடைக்கு அழைத்துக் கொடுத்தார்.

"சாவி என்கிட்ட இருக்குங்க. ஆனா கடையில நான் ஒருத்திதான். முதலாளி வந்ததும் கிளம்பறேன்" என்றாள் மனைவி.

"மெஷின் ஓடுதும்மா!"

"ஓடட்டும். அதுக்கு லைசென்ஸ் இருக்கு."

மறுமுனையில் அவள் சிரிப்பை அடக்குவது நன்றாகவே கேட்டது.

அவர் கதவில் காதை வைத்தார். மண்டியிட்டு, கடிதம் போடும் துளை வழியே பார்த்தார். சோபாவின் கால்தான் தெரிந்தது. எழுந்தார், நடந்தார், மறுபடி மண்டியிட்டார். பார்க்கச் சகிக்காமல் தையல்காரம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு, டப்பா நிறையப் பட்டன்களைக் கொட்டி, "நிறம் நிறமாப் பிரிச்சுக் கொடுங்கண்ணே, புண்ணியமாப் போகும்" என்றார். அவரும் உட்கார்ந்தார். ஆனால் தையல் மெஷின் வேகமெடுத்ததும் வாய் தானாகத் திறந்தது.

"மெதுவா, மெதுவா..."

"அண்ணே, நீங்க பேசப் பேச எனக்குத் தையல் கோணலாப் போகுது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு பட்டன்களுக்குள் தலையைக் கவிழ்த்தார். வெள்ளையில் மட்டும் இத்தனை வெள்ளை இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. பால் வெள்ளை ஒரு குவியல், முத்து வெள்ளை ஒரு குவியல், பழுப்பா வெள்ளையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாதது இன்னொரு குவியல். ஒரு கட்டத்தில் ரொட்டியையே மறந்துபோனார்.

நினைவுபடுத்தியது வாசனைதான். கதவின் அடியிலிருந்து கிளம்பி, நடையெல்லாம் பரவி, படிக்கட்டில் இறங்கியது. பார்சல் கொண்டுவந்த ஆள் இரண்டாம் மாடியில் நிற்க வேண்டியவர், மூன்றாம் மாடிவரை ஏறி வந்து, "எந்த வீட்ல சார் இது?" என்று மூக்கை உயர்த்தினார்.

மெதுவா சார் ஏப்ரனை நீவிவிட்டுக்கொண்டு, "நம்ம வீட்லதான்" என்றார்.

சற்று நேரத்தில் உள்ளே மெஷின் பீப் பீப் என்று கத்தியது. அவ்வளவுதான், பட்டன்கள் நாலாபக்கமும் சிதறின. "முடிஞ்சிடுச்சு! எடுக்கலைன்னா வேர்த்து ஊறிப்போயிடும்!" கீழே மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து, "வேகமா வாம்மா! வேகமா!" என்று அலறினார். இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து கேட்டதே இல்லை என்பதால், யாரோ வேற்றாள் கூப்பிடுகிறார் என்று அவள் நிதானமாகவே ஏறி வந்தாள்.

மூடியைத் திறந்தபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். "பாருங்க" என்றாள் மனைவி. பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பி, மேலே லேசாக வெடித்து, வழவழவென்று நின்றது ரொட்டி. கவிழ்த்துத் தட்டினால் இறக்கையும் அடியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பிடுங்கிய இடத்தில் ஒரு பொத்தல். பொத்தல் துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு, நல்ல துண்டுகளை வெண்ணெய் தடவித் தையல்காரம்மாவுக்கும், இரண்டாம் மாடியில் கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் மறுபடி ஏறி வந்து நின்ற பார்சல்காரருக்கும் கொடுத்தார்.

"எப்படி சார் இவ்வளவு மெத்துனு வந்துச்சு?" என்றார் பார்சல்காரர்.

"அதெல்லாம் கைப்பக்குவம்" என்றார் மெதுவா சார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த துண்டுக்கு வெண்ணெய் தடவினாள்.

அதற்குப் பிறகு விடுமுறை நாள்தோறும் காற்றடிக்காமலே அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. அவர் பட்டனை அமுக்கிவிட்டு எதிர்வீட்டு ஸ்டூலுக்குப் போய்விடுவார். பட்டன், ஜிப், நூல்கண்டு எல்லாம் அங்கே வரிசைகட்டி நிற்கின்றன. இப்போது கொக்கி தைக்கவும் பழகிவிட்டார். சென்ற வாரம் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி, அவருடைய பேன்ட்டுகள் மூன்றை மடித்துக் கையில் கொடுத்தாள்.

"அங்கதானே போறீங்க? எல்லாத்துலயும் இடுப்புல ரெண்டு விரல் பிரிச்சு விடச் சொல்லுங்க. தினமும் காலையில மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பட்டன் போடறீங்க, எனக்குப் பாக்கவே பயமா இருக்கு."

"ரெண்டு விரல் போதுமா?" என்றார் அவர் கவலையோடு. அன்றைக்கு ரொட்டியில் வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தார்.