ஓலையை எடுத்தவர்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு தட்டு தொங்குகிறது. இரும்புக் கம்பியை வட்டமாக வளைத்து, கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டி, மூன்று நைலான் கயிறுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்ட தட்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் அதை ஏதோ கலைப்பொருள் என்று நினைத்து மரியாதையாகப் பார்க்கிறார்கள். மீதிப் பேர் மோர்மிளகாய் காயப்போடுகிற தட்டு என்று நினைக்கிறார்கள். என் மனைவி இந்த இரண்டாவது கட்சி. உண்மையில் அது இறால் குஞ்சுகளுக்குத் தீனி வைக்கிற தட்டு. என் அண்ணன் மனைவியுடையது. தூத்துக்குடியில் எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மைனி என்போம். மைனி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. கல்லறையில் எல்லாம் முடிந்து திரும்பிய அன்று அண்ணன்தான் இதை என் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

துறைமுகத்தில் கப்பல் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்கிற ஓர் அலுவலகத்தில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வருடத்துக்கு முன் ஒருநாள் அந்த அலுவலகம் தன்னைத்தானே மூடிக்கொண்டது. கையில் வேலை இல்லை. தலையில் மட்டும் படித்த புத்தகங்கள் நிறைய. இந்தச் சேர்க்கை எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது எனக்குத் தெரியாது. அண்ணன் வளைகுடாவில் இருந்தான். மைனி ஸ்ரீவைகுண்டத்தில், வாய்க்காலை ஒட்டிய வீட்டின் பின்புறம் சிமெண்டுத் தொட்டி கட்டி, நன்னீர் இறால் குஞ்சுகளை வளர்க்கத் தொடங்கியிருந்தாள். பொரிப்பகத்திலிருந்து கொசுப்புழு அளவில் வாங்கி, ஐந்தாறு வாரம் தீனி போட்டு, விரல் நீளம் ஆக்கிக் குளத்துக்காரர்களுக்குக் கொடுப்பது தொழில். அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். முதல் ஈடு நன்றாக வந்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் ஊருக்கு வந்துவிடுவான். வராவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அங்கேதான். மைனி இதை என்னிடம் ஒரே ஒருமுறை, தொட்டி கழுவும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது. அந்தத் தொட்டியில் நீந்தியது இறால் குஞ்சு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது புருஷன் ஊர் திரும்பும் டிக்கெட்.

உதவிக்குக் கொழுந்தன் வரட்டும் என்று அண்ணன் சொன்னதால் தினமும் காலை பஸ்ஸில் போனேன். மைனி தருவைகுளத்துக்காரி, கடலோரத்தில் பிறந்தவள். முட்டையும் மட்டிச் சிப்பியின் சதையும் கலந்து இட்லிச் சட்டியில் அவித்து, டீ வடிகட்டியில் தேய்த்து, தூளாக்கித் தட்டில் வைப்பாள். பசித்த நேரத்தில் அந்த வாசனைக்கு நானே ஒரு வாய் கேட்டுவிடுவேனோ என்று பயந்திருக்கிறேன். தொட்டியின் நான்கு மூலையிலும் நான்கு தட்டுகளைத் தரைக்கு ஒரு சாண் மேலே கயிற்றில் இறக்குவோம். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தட்டில் மிச்சம் இருந்தால் தீனி அதிகம். துடைத்தாற்போல் இருந்தால் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். படிக்கட்டுப் பக்கத்துத் தட்டு என் பொறுப்பு. தூரத்து மூலைகளுக்குத் தொட்டி விளிம்பில் நடந்து போக வேண்டும். என் உடல்வாகுக்கும் அந்த விளிம்புக்கும் ஒத்துவராது என்பதால் மற்ற மூன்றும் மைனிக்கு.

தொட்டிக்குள் மைனி பனையோலைக் கற்றைகளைக் கட்டி அமிழ்த்தியிருந்தாள். நான் வந்த முதல் வாரமே அதைக் குற்றமாகக் கண்டேன். ஓலை இடுக்கில் தீனி சிக்குகிறது, அழுகுகிறது, தண்ணீர் கலங்குகிறது. இது பற்றி நான் வாங்கி வைத்திருந்த இறால் வளர்ப்புப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருந்தது. அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். அதற்கடுத்த அத்தியாயத்தை நான் வாசித்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். மைனி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சட்டை மாத்துற நேரத்துக்கு ஒரு மறைப்பு வேண்டாமா கொழுந்தனாரே? ஊருக்கு முன்னால வச்சா மாத்தும்?"

இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போடும். புது ஓடு இறுகும்வரை உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். அதைத்தான் சொன்னாள். எனக்கு அது நல்ல நகைச்சுவையாகப் பட்டது. நான் அவ்வப்போது நகைச்சுவை எழுதி அனுப்புகிற பத்திரிகையில் பயன்படுத்தலாம் என்று குறித்தும் வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் அவள் சந்தைக்குப் போயிருந்தபோது ஓலைகளை ஒன்று விடாமல் உருவி வாய்க்கால் கரையில் போட்டேன். திரும்பி வந்தவள் கரையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "படிச்சவுக, தெரியாமலா செய்வீய" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை இறக்கி வைக்க உள்ளே போனாள். அந்த வாக்கியத்தையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் கண்ணாடி போல ஆயிற்று. தட்டு தினமும் துடைத்தாற்போல் வந்தது. வாரம் ஒருமுறை கைவலையில் அள்ளி, எடை போட்டு, எண்ணி, வகுத்துச் சராசரி எடுத்தேன். சராசரி ஏறிய வேகத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. புத்தகத்தில் சொல்லியிருந்ததைவிடவும் வேகம். ஞாயிறுதோறும் அண்ணனுக்குப் போனில் அதை ஏலம் விடுகிற குரலில் வாசிப்பேன். ஐந்தாவது ஞாயிறு அவன், "போதும்லே, ஊருக்குப் போறேன்னு நான் கடிதாசி கொடுக்கப் போறேன்" என்றான். மைனி அந்த வாரம் வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை தைத்தாள்.

குஞ்சுகளைக் கொடுக்க வேண்டிய காலையில் தொட்டியின் மடையைத் திறந்தோம். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது, கணுக்காலுக்கு இறங்கியது. நான் இன்னும் ஆழத்தில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கணுக்கால் தண்ணீரில் என்ன ஆழம்? ஐயாயிரம் விட்ட தொட்டியில் ஆயிரம்கூட இல்லை. இருந்தவை கொழுத்துப் பளபளத்தன. பெரும்பாலும் தூரத்து மூலை ஒன்றில், மைனியின் தட்டுக்கு அடியில் குவிந்து கிடந்தன. தரைச் சரிவினால் இருக்கும் என்று அப்போதும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். என் காலருகே ஒன்று, சட்டை உரித்துத் துவண்டு கிடந்த தன் கூட்டாளியை இரண்டு கையாலும் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. தின்னப்படுவதன் கால்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லை. நாம் கிழங்கு தின்பது போல. தட்டு காலியானதற்கும் சராசரி ஏறியதற்கும் அர்த்தம் அந்த நொடியில் புரிந்தது. சின்னவை வளரவில்லை. பெரியவற்றின் வயிற்றுக்குள் போயிருந்தன. தட்டைத் துடைத்ததும் அதே வயிறுகள்தான். ஐந்து வாரமாக நான் பெருமையோடு வாசித்தது அந்தச் சாப்பாட்டுக் கணக்கு. தொட்டிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேட்டி நனைந்தது பிறகுதான் தெரிந்தது.

மைனி குளத்துக்காரரிடம் போய் மெதுவாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள். அதற்குள் அண்ணன் போன். கடிதம் கையில் இருக்கிறது, கொடுக்கவா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தான். அவள் திண்டாடாமல் சொன்னாள்.

"கொடுக்காதீய. ஒண்ணையொண்ணு தின்னுட்டு. நாந்தான் கிறுக்கச்சி மாதிரி ஓலைய எல்லாம் எடுத்துப் போட்டுட்டேன். கொழுந்தனாரு வேண்டாம்னுதான் சொன்னாவ."

இதற்கு முன்னால், இறாலைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி ஒன்றுமே இல்லை. அண்ணன் கத்துவது போனுக்கு வெளியே கேட்டது. நான் இரண்டு அடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் போதும். இருபது வருடம் அதிகாரிகளிடம் வாயாடிய வாய் அது. அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

அவன் வைத்த பிறகு ஏன் என்று கேட்டேன். அவள் வலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "என்னைய ஏசினா ரெண்டு நாள்ல அவுகளே போன் போடுவாக. உங்கள ஏசினா அண்ணந்தம்பி ஜென்மத்துக்கும் மூஞ்சி பாக்க மாட்டீய. போங்க, வேட்டிய மாத்துங்க, வேணும்னா ஓலைய வச்சு மறைச்சுத் தாரேன்."

அண்ணன் ஒப்பந்தத்தை நீட்டித்தான். இரண்டு வருடம் என்றால் இரண்டே வருடம்தான், பிறகு வந்தான். தொட்டி தொழிலாயிற்று, நன்றாகவும் நடந்தது. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்மஸ் சாப்பாட்டிலும் அண்ணன் அந்தக் கதையைச் சொல்வான். ஓலையை எடுத்த மகராசி என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். மைனியும் சிரிப்பாள், குழம்பு ஊற்றிக்கொண்டே. நானும் சிரித்தேன். வருடா வருடம். நன்றாகவே சிரிப்பேன், நகைச்சுவை எழுதுகிறவன் அல்லவா. கல்லறையிலிருந்து வந்த அன்று, அந்த முதல் ஈட்டுக்குப் பிறகு மைனி தண்ணீரில் இறக்காமல் எடுத்து வைத்திருந்த இந்தத் தட்டை அண்ணன் கொடுத்துச் சொன்னது இதுதான்: "வாழ்க்கையில ஒரே ஒரு தப்புதாம்லே பண்ணினா. அதுக்கு நான் ஏசின ஏச்சு இருக்கே, அதத்தான் இப்ப நெனச்சிக்கிட்டே கெடக்கேன்." அப்போதும் என் வாய் மூடித்தான் இருந்தது.

நேற்று கிறிஸ்மஸுக்காக வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றினார். தட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அடியில என்னமோ கட்டிக் கெடக்கே" என்றார். வாங்கிய அன்று திருப்பிக்கூடப் பார்க்காமல் நான் மாட்டியதால் ஒரு வருடமாகச் சுவரைப் பார்த்து இருந்த பக்கம். கம்பி வளையத்தைச் சுற்றி, நைலான் நூலால், விரலளவு பனையோலைக் கீற்றுகள். கறுத்து, பொடிந்து, பாதிதான் மிச்சம். நெருக்கமாக, ஒரு பாவாடை போல. முடிச்சு ஒவ்வொன்றும் மைனி போடுகிற கடற்கரை முடிச்சு. விளிம்பில் நடக்கப் பயந்து நான் ஒருநாளும் போகாத மூலையில், நான் பார்க்காத பக்கத்தில், எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசாமல் கட்டியிருக்கிறாள். பிழைத்தவை எல்லாம் அந்த மூலையில் கிடந்தன. தரைச் சரிவு என்றேன்.

வெள்ளையடிப்பவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உதவி செய்கிற எண்ணத்தில், "தூசிதான் அண்ணாச்சி, பிச்சுப் போட்டுரட்டா?" என்று கேட்டார்.

"ஓலைய எடுக்காதீங்க" என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வரப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது.

சுண்ணாம்பு காய்ந்ததும் தட்டை மறுபடி மாட்டினேன், அடிப்பக்கம் வெளியே தெரியும்படி. கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு அண்ணன் வருவான். அவனுக்கு எப்போதும் போடுகிற நாற்காலி இந்தச் சுவருக்கு நேர் எதிரே இருக்கிறது. இது என்னலே என்று கேட்காமல் இருக்க மாட்டான்.