சந்தனம் அடைத்த ஸ்க்ரூ

சந்தனமும் கிரீஸும் கலந்தால் ஒரு வாசனை வரும், தெரியுமா? மலேசியாவில், பகாவ் பக்கம் எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் ஆயுத பூஜை அன்று அந்த வாசனைதான். அதோடு, பால் உறைய ஊற்றும் ஆசிட்டின் புளிப்பும் சேர்ந்துகொள்ளும்...

ஸ்பேனர், சுத்தியல், பால் வெட்டும் கத்தி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். வரிசையின் கடைசியில், சுவரில் சாய்ந்தபடி ஒரு துப்பாக்கி நிற்கும்.

வெள்ளைக்காரர் காலத்தில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்து ராணுவத் துப்பாக்கி. ராணுவம் வேண்டாமென்று கழித்தபோது, குழாயை அடைத்து, சுட முடியாதபடி செய்து தோட்டக் காவலுக்குக் கொடுத்தார்களாம். ஜாகா என்று நாங்கள் சொல்லும் காவல்காரர் மாரிமுத்து மாமா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்க்க வேண்டும். அது தும்மக்கூடத் தும்மாது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் வந்தால் வழிவிடுவோம்.

அதன் அடிப்பக்கம், விசைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஸ்க்ரூ. வட்டமாக, சுண்டுவிரல் நகம் அளவு. நிற்க வைத்தால் நெற்றி மாதிரி நம்மைப் பார்க்கும். பிறகு பொட்டை எங்கே வைப்பார்கள்? சின்ன வயதில் நானும்தான் வைத்தேன். ஆளாளுக்கு ஒரு பொட்டு, அதன்மேல் பன்னீர் தெளிப்பு. துடைத்தால் சாமி குற்றம் என்று யாரும் துடைக்கவும் மாட்டார்கள்.

நான் சிரம்பானில் தொழிற்கல்வி முடித்து, அதே ஆலையின் வொர்க்‌ஷாப்பில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளில் முதல் டெக்னீஷியன் நான்தான். அந்தத் திமிரும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் போலீஸ் சார்ஜன் ஒருவர் வந்தார். செத்த துப்பாக்கியாக இருந்தாலும் அதன் மரக்கட்டையைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும், கழற்ற முடியாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்றார். கட்டையைக் கழற்ற அந்த ஸ்க்ரூவைத்தான் கழற்ற வேண்டும்.

மாமாவின் முகம் சுண்டிப்போனது. ஒரே நொடிதான். உடனே பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் என்னைக் கைகாட்டினார்.

"நம்ம புள்ள இருக்கான் துவான். சேகரு சிரம்பான்ல படிச்சிட்டு வந்தவன் லா. கழட்டிருவான்."

வொர்க்‌ஷாப் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வேலையை மேய்க்கும் மண்டோர், பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள், என் அம்மா உட்பட. துப்பாக்கியை மேசை வைஸில் வைத்து இறுக்கினேன். மாமா என் காதருகே வந்தார்.

"தம்பி, எண்ணெய ஊத்தி வச்சிட்டு நாளைக்குப் பாப்பமா? இது இல்லன்னா நான் வெறும் கம்பு புடிச்ச ஜாகாதான்டா."

சார்ஜனும் அவசரப்படவில்லை. "ஈசோக் பூன் போலே," நாளைக்கு என்றாலும் சரி, என்றார்.

"எதுக்கு மாமா? ரெண்டு நிமிஷ வேலை," என்றேன் நான்.

ஸ்க்ரூவின் பள்ளத்தை முதலில் சுத்தம் செய், பிறகு கை வை. எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். கூட்டத்தைப் பார்த்ததும் அது எங்கே போனதோ! ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினேன், வழுக்கியது. சுத்தியலால் தட்டிவிட்டுத் திருகினேன். மறுபடி வழுக்கியது. அம்மா பார்க்கிறாள் என்று இன்னும் ஓங்கி அடித்துத் திருகினேன்... பள்ளத்தின் இரண்டு கரையும் பிய்ந்து, பக்கத்து மரக்கட்டை 'சடக்'கென்று பிளந்தது.

ஸ்க்ரூ டிரைவரை மேசைக்கு அடியில் விட்டெறிந்தேன்.

சார்ஜன் குனிந்து, பேனாக் கத்தியால் ஸ்க்ரூவைச் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகக் கல் போன்ற ஒரு செதில் பெயர்ந்து வந்தது. எத்தனையோ பூஜைகளின் சந்தனமும் குங்குமமும். பள்ளம் முழுக்க அதுதான் அடைத்திருந்தது. என் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கவே இல்லை, மேலாக நின்றுதான் வழுக்கியிருக்கிறது. சுரண்டிவிட்டு எண்ணெய் ஊற்றியிருந்தால் மறுநாள் வந்திருக்கும். இப்போது திருக அதில் பள்ளமே இல்லை.

அந்தச் செதிலை மாமா கையில் வாங்கினார். என்ன செய்கிறோம் என்று யோசித்தாரா தெரியவில்லை. பழக்கதோஷத்தில் நெற்றியில் வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

போலீஸ் ஜீப் வரைக்கும் மாமாவே துப்பாக்கியைத் தூக்கிப் போனார். வழக்கம்போலத் தோளில் அல்ல, இரண்டு கையிலும் ஏந்தியபடி. நான் வைஸைத் துடைப்பது போல நின்றுகொண்டிருந்தேன்.

அன்று ராத்திரியிலிருந்து அவர் கையில் டார்ச் லைட்டும் கம்பும்தான். பையன்கள் வழிவிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஆயுத பூஜையில் வரிசையின் கடைசி இடம் காலியாக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டே ஸ்பேனர்களை அடுக்கினேன். மாமா மேசைக்கு அடியில் குனிந்து, நான் அன்று விட்டெறிந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார்.

"ஏன்டா தம்பி, ஒன் ஆயுதம் ஓரமா கெடக்குது?"

வேட்டியில் துடைத்து, பிடியில் பொட்டு வைத்து, துப்பாக்கி நின்ற இடத்தில் அதை வைத்தார். கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் கேலியே இல்லை.

இப்போது அந்தத் தோட்டம் முழுக்க ரப்பர் போய்ச் செம்பனை. மாமாவும் இல்லை. நான் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். போன மாதம் பையன்கள் இறுகிப்போன ஒரு ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, "நாளைக்குப் பாப்போம்" என்றேன். மறுநாள் சிரமமே இல்லாமல் கழன்று வந்தது.

"பாஸ், டெரர் லா நீங்க!" என்று கை தட்டினார்கள். என் காதெல்லாம் சுட்டது. அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பழைய ஸ்க்ரூ டிரைவர் இன்னும் என் டூல்பாக்ஸில்தான் கிடக்கிறது. இந்த வருட பூஜையில் என் மனைவி அதற்கும் பொட்டு வைக்கக் குனிந்தாள். நான் சட்டென்று வாங்கி உள்ளே போட்டு மூடினேன்.

"அதுக்கு ஏற்கெனவே வச்சாச்சு," என்றேன்.