வேண்டிக்கொண்டது நான், ஏறியது அவள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்று நான் வேண்டிக்கொண்டது இதுதான்: மாதாவே, என் மகள் தன் காலால் உன் மலைக்கு ஏறி வருவாள்.

அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தார்ச்சாலைகளில் நெல்லைக் காயப்போடுவார்கள். அதில்தான் அவளுடைய ஸ்கூட்டர் சறுக்கியது. இடுப்பில் பிளேட் வைத்தார்கள். பிழைத்தாள். இடது காலை இழுத்து இழுத்து நடக்கவும் தொடங்கினாள். நான்தான் சாலையில் நெல்லைப் பார்த்தால் இன்னும் சுற்றிக்கொண்டு போகிறேன்.

மலை என்றது புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பாறைக் குன்று. உச்சியில் சின்னதாக மாதா கோயில். தஞ்சாவூரில் பஸ் மாறிப் போனோம்.

"வேண்டிக்கிட்டது நீ, ஏறுறது நானா?" என்றாள் பஸ்ஸில்.

"நினைவில்லாம கிடந்தவகிட்ட எப்படிடி கேக்குறது?"

"அப்பாவை விட்டு வேண்டியிருக்கலாம்ல? மஸ்கட்லேர்ந்தே ஒரு மெழுகுவத்தியோட முடிச்சிருப்பாரு."

அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குக் கை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை.

"நீ இங்கயே இரும்மா."

"என்னடி சொல்ற?"

"தன் காலால வருவான்னுதானே சொன்ன? உன் கையைப் பிடிச்சிக்கிட்டுப் போனா மாதா ஒத்துக்குவாங்களா?" பிறகு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள்: "இதை ஏறிட்டேன்னா திங்கக்கிழமை காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறேன். தனியா."

எங்கள் ஊரில் ஒருவர் வரப்பில் நடந்து போனால் புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். அவள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அப்படித்தான் பார்த்தேன். இங்கே முதல் வளைவிலேயே பாறை மறைத்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானும் ஏறினேன்.

பாதையோரப் பாறைகளில், இயேசு சிலுவை சுமந்து போன சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளைச் செதுக்கியிருந்தார்கள். யார் செய்ததோ, முழு உருவம் எங்குமே இல்லை. ஒரு முகம், ஒரு கை, அவ்வளவுதான். அங்கியின் மடிப்புகளுக்குப் பாறையின் வரிகளே போதும் என்று விட்டிருந்தார். ஓரிடத்தில் சிலுவையில் உளியே படவில்லை. பாறையின் இரண்டு வெடிப்புகள் ஒன்றுக்கொன்று குறுக்கே போன இடத்தின் கீழே தோளை மட்டும் செதுக்கியிருந்தார். வேறு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். அன்று அந்தப் பாறைகள் எனக்கு ஒளிந்துகொள்ளத்தான் உதவின.

ஏழாம் நிலை, இயேசு இரண்டாம் முறை விழுவது. சரிவிலிருந்து ஒரு முழங்காலும் ஊன்றிய கையும் மட்டும் வெளியே நீண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் அவள் தரையில் இருந்தாள். ஓடினேன்.

"வருவேன்னு தெரியும். மூணாவது நிலையிலேர்ந்து உன் மூச்சு கேக்குது, ரைஸ் மில் மாதிரி."

"விழுந்தியா?"

"உக்காந்தேன்."

அவள் உள்ளங்கையில் சிராய்ப்பு இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"சரி, விழுந்தேன். எழுந்துக்குறேன். தொடாத."

அந்தக் கல் கையின் மேல் தன் கையை ஊன்றி எழப் பார்த்தாள். முடியவில்லை. என் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். மறுபடி ஊன்றி எழுந்துவிட்டாள்.

"இதுக்கு மேல வராதம்மா." இந்தத் தடவை கேலி இல்லை.

போனாள். நான் அங்கேயே உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவேன். காது மேலே போய்விடும். ஏதாவது உருளும் சத்தம் வருகிறதா என்று கேட்கும். காற்றுதான் வந்தது. கணவரைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அங்கே அவருக்கு வேலை நேரம். உள்ளே வைத்துவிட்டேன்.

அவள் இறங்கி வந்தபோது முகமெல்லாம் வேர்வை.

"கோயிலுக்குப் பின்சுவரே இல்லம்மா. பாறைதான் சுவர். அதுலயே மாதாவை வரைஞ்சிருக்காங்க. மழைத்தண்ணி ஓடின தடம் அவங்க முக்காடு மாதிரியே இருக்கு. நீயும் பாத்துட்டு வாயேன், நான் இங்க இருக்கேன்."

மேலே பார்த்தேன். போய்த் திரும்ப அதிக நேரம் ஆகாது.

"வேணாம்டி," என்றேன்.

அவளைக் கண்ணில் வைத்திருக்க எனக்குத் திங்கட்கிழமை வரைதான் இருந்தது.