ஆடி மாதத்தில் பார்த்த இடம்

எண்ணூர் பக்கம் எலெக்ட்ரிக் கார்களுக்கு ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் வந்தே தீர வேண்டும் என்று நான் ஆபீசில் தொண்டை கிழியக் கத்தியதற்குக் காரணம் சுற்றுச்சூழலும் இல்லை, நாட்டு முன்னேற்றமும் இல்லை. எங்கள் அக்காதான் காரணம்.

அக்கா விஜயவாடாவில் இருக்கிறாள். கூட வேலை பார்த்த தெலுங்குக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக எடுத்த படத்தை அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, வாட்ஸப்பில் அனுப்பிவைத்தாள். நைனா அப்போது எங்கள் ஊர் நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் பிடிக்கப் படகெடுத்துப் போயிருந்தார். கரைப் பக்கம் வந்து சிக்னல் கிடைத்ததும் படம் வந்து விழுந்திருக்கிறது. மாப்பிள்ளை தெலுங்கர் என்பதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. யார் யாரோ அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்குக் கீழே தன் மகளின் கல்யாணமும் வந்து உட்கார்ந்திருந்ததே, அதுதான் அவருக்கு ஆறவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. அவள் வந்தால் வரட்டும், நான் போய்க் கூப்பிட மாட்டேன் என்பது நைனா கட்சி. நைனா வந்து கூப்பிட்டால்தான் அந்த வீட்டுப் படி ஏறுவேன் என்பது அக்கா கட்சி. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு. நடுவில் அம்மாவும் நானும் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருந்தோம்.

இந்த லட்சணத்தில் அக்கா உண்டானாள். தலைச்சன் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். அதற்குள் இவர்கள் பேசிக்கொள்ளாவிட்டால் பிள்ளை அங்கேயே பிறக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு தடவை சும்மா வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போயேன் என்று அக்காவிடம் கெஞ்சினேன். அவள் வீம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேறு ஒரு சாக்கு வைத்திருந்தாள். அவர்கள் வாங்கியிருப்பது எலெக்ட்ரிக் கார். அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்தால் பேட்டரி தீர்ந்துபோகும். "உங்க பக்கம் சார்ஜ் போட ஒரு எடம் இருக்குதா? நான் திரும்பிப் போறது எப்டி?" என்றாள்.

நெடுஞ்சாலைகளில் எங்கெங்கே சார்ஜர் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளமே தருகிறார்கள். யாரிடம் சாக்குச் சொல்கிறோம் என்று அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வேலை ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. தூரப் பயணம் போகிறவருக்கு பேட்டரி தீருகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சார்ஜர் இருக்க வேண்டும். பக்கத்தில் தாங்குகிற அளவுக்கு ட்ரான்ஸ்பார்மர் வேண்டும். கார் திரும்ப இடம், நிழல், மூக்கைப் பிடிக்காமல் போய்வர ஒரு கக்கூஸ். இவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆபீஸ் இருப்பது ஊருக்குத் தெற்கே ஓஎம்ஆரில். அங்கே இருப்பவர்கள் மனதிலுள்ள சென்னை வரைபடம் சென்ட்ரல் ஸ்டேஷனோடு முடிந்துவிடும். அதற்கு வடக்கே நேராக நெல்லூர். நடுவில் கடலோ காடோ ஏதோ இருக்கிறது என்று நினைப்பு. எங்கள் மேலாளர், அந்தப் பக்கமெல்லாம் யாரம்மா எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறார்கள் என்று சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அனல்மின் நிலையம் வைத்துக் கரண்ட் எடுப்பது எங்கள் ஊரில், ஊற்றிக் குடிப்பது மட்டும் உங்கள் ஊரிலா என்று கேட்டேன். ஆந்திராவிலிருந்து வருகிற கார்களுக்காக என்று பேர் பண்ணிக்கொண்டு மேலாளர், சரி, ஓர் இடம் பார் என்றார்.

இடம் பார்ப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டது. துறைமுகம் போகிற எண்ணூர் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன, பயணிகள் மிகவும் விரும்பித் தங்கும் இடம் இது என்று சிவப்புப் பொட்டு வைத்துக் காட்டியது. மேலாளர் அந்தப் பொட்டைப் பார்த்துப் பூரித்துப்போனார். அங்கே அப்படி என்ன பிரபலமான ஓட்டல் என்று என்னைக் கேட்டார். ஐயா, அது கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய நிற்கிற வரிசை, விரும்பி நிற்கவில்லை, விதியே என்று நிற்கிறார்கள் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அதன் பிறகும் அவர் அந்தப் பொட்டை ஏக்கத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராயபுரத்தில் மீன் சந்துகளுக்குள் கார் நுழைந்தால் ரிவர்ஸில்தான் வர வேண்டும். வண்ணாரப்பேட்டையில் சைக்கிள் நிறுத்தவே சாமியை வேண்டிக்கொள்ள வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்த பிறகு, திருவொற்றியூரில் மணலி போகிற பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கண்ணில் பட்டது. உள்ளே போனதும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சொந்த ட்ரான்ஸ்பார்மர். டைல்ஸ் போட்ட கழிவறை, அதுவும் வரிசையாக. கிரிக்கெட் ஆடலாம் போல வாகனம் நிறுத்துகிற இடம். அங்கே ஓர் ஆடு மட்டும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் அதற்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் போனேன், அதே ஆடு, அதே தூக்கம். அடுத்த வாரம் மேலாளரையே அழைத்துப் போனேன். மண்டபத்து முதலாளி ஓடிவந்து டீ வாங்கிக்கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆண்டு முழுவதும் காலியாகக் கிடக்கிற இடம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

அது ஆடி மாதம்.

வரும் வழியெல்லாம் அம்மன் கோயில்களில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நானே ஒரு கோயிலில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அந்த இடத்தை அளக்கப் போனேன். ஆடியில் எவனாவது கல்யாணம் வைப்பானா என்று எங்கள் கூட்டத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எல்லோரும் தமிழ்நாட்டில் பிறந்து, தாலி கட்டிய, கட்டிக்கொண்ட ஜனங்கள்தான். ஆவணியில் வேலை ஆரம்பித்ததும் கான்ட்ராக்டர் பல நாட்கள் உள்ளே நுழையவே முடியவில்லை என்று புலம்பினார். நான் அதை நம்பவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று காய்ச்சி எடுத்தேன். எப்படியோ முடித்தார். திறப்பு விழா மார்கழியில் நடந்தது. மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. இரண்டு சார்ஜர்கள், அவற்றுக்கு மேல் வெயில் படாமல் அழகான கூரை, சுற்றிலும் பரந்த வெளி. ஆடு கூட அப்படியே இருந்தது.

அக்காவுக்குப் படம் அனுப்பி, இனி என்ன சாக்கு என்று கேட்டேன். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள். ஏழாம் மாதம், டாக்டரும் போகலாம் என்றுவிட்டார். ஆனால் சார்ஜர் வரைக்கும்தான் வருவேன், நீயும் அம்மாவும் அங்கே வந்து பாருங்கள், சார்ஜ் ஏறியதும் திரும்பிவிடுவேன் என்று கண்டிஷன் போட்டாள். சார்ஜர் வரைக்கும் வந்தவளை மிச்ச தூரம் இழுத்துவிடலாம் என்று எனக்கு நப்பாசை. அம்மா காலண்டரைப் பார்த்து, தை மாதத்தில் நல்ல முகூர்த்த நாளாக ஒன்றைக் குறித்துக் கொடுத்தாள்.

நல்ல நாள் எங்களுக்கு மட்டுமா நல்ல நாள்?

அன்று காலையில் போனில் எங்கள் சார்ஜர் ஆப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு சார்ஜரும் காலி என்று பச்சையாகக் காட்டியது. நிம்மதியாகக் குளித்து, தலைவாரி, மத்தியானம் போய் இறங்கினேன். அம்மாவுக்குக் காலை முதல் தலைசுற்றல். சந்தோஷம் வந்தால் அவளுக்கு அப்படித்தான் வரும். அதனால் நான் மட்டும் போனேன். சார்ஜர்கள் காலியாகத்தான் இருந்தன. கிட்டே போகத்தான் வழி இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கொரு வாழைமரம் கட்டி, நடுவில் மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். நான் வாடிக்கையாளர்களின் வசதிக்காகப் போராடி வாங்கிய கூரைக்குக் கீழே சமையல்காரர் அடுப்பு மூட்டியிருக்க, ஆள் குளிக்கலாம் போன்ற அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வேன்கள், பந்தல் சாமான் ஏற்றிவந்த லாரி, மேளக்காரர்களின் கார். நல்ல எடமா போட்டு வுட்டாங்கம்மா, வெயிலே தெரியல என்று சமையல்காரர் என்னிடம் அந்தக் கூரையைப் பாராட்டினார்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் கார் உள்ளே ஊர்ந்து வந்தது. நம்ம தங்கச்சி வைத்த சார்ஜர் இருக்கிறதே என்று நெல்லூரில் சார்ஜ் போடாமல் வந்திருக்கிறார்கள். ஏசியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, வியர்த்து வழிந்துகொண்டு வந்தார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் கார் நின்றுவிட்டது. அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, இறங்கி, வாழைமரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சாதுவான மனுஷர். தெலுங்கில் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டார். அக்கா விழுங்கவில்லை. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். அம்மா அதை நைனாவிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது. சிறிது நேரத்தில் மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு அவரே வந்து இறங்கினார். தோளில் படகுக் கயிறு. அக்கா பக்கம் திரும்பாமல் நேராக என்னிடம் வந்து, காருக்காகத்தான் வந்தேன், கட்டி இழுத்துடலாம் என்றார். இந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்தால் மோட்டார் போய்விடும் என்றேன். அப்போ இன்னாத்துக்கு அதுக்கு சக்கரம் என்று கேட்டார்.

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் பட்டு வேட்டியோடு ஓடிவந்தார். அண்டாவை இப்போது நகர்த்த முடியாது, பந்தி முடியட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டார். புள்ளத்தாச்சி கல்யாண வாசல் வரைக்கும் வந்து பட்டினியாகப் போனால் எங்களுக்கு ஆகாது என்று அடம்பிடித்தார். நாங்கள் யார், எவர் என்றெல்லாம் கேட்கவில்லை. எங்கள் மேல் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, பந்திக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

பந்தியில் அவர் வைத்ததுதான் சட்டம். போட்ட இலை காலியாகக் கிடக்கக் கூடாது, நடுவில் இடம் விடக் கூடாது. நைனாவை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார். கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நைனா அதை மடியில் வைத்துக்கொண்டார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்காரப் போனேன். தாய்மாமன் என்னை விலக்கி, மொதல்ல வயித்துப் புள்ளக்காரி ஒக்காரட்டும் என்று அக்காவை அங்கே உட்கார வைத்துவிட்டார். அப்புறம் நான், அப்புறம் மாமா. யாராவது ஒருவர் எழுந்து போய்விட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

எழுந்து போகவில்லை. நைனாவும் அக்காவும் எதிர் வரிசையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வடை வந்தபோது நைனா பரிமாறுகிறவரிடம், பக்கத்து எலைக்கு இன்னொண்ணு வைப்பா, ரெண்டு உசுரு என்றார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா அதே ஆளிடம், ஓரத்து எலைக்கு ரசம் ஊத்துங்க, கேக்க மாட்டாரு என்றாள். அந்த மனுஷர் இவர்களுக்கு நடுவே தபால்காரராகி வேர்த்துப்போனார். பிறகு பாயசம் வந்தது. நைனா டம்ளரை நீட்டினார்.

"அவருக்கு வேணாங்க. சக்கர கீது" என்றாள் அக்கா. பரிமாறுகிறவர் தப்பித்தால் போதுமென்று அடுத்த இலைக்குத் தாவினார்.

நைனா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு சக்கரன்னு உனக்கு யார் சொன்னது?"

"அம்மாதான். காலுல புண்ணு ஆறாம கெடந்தியே, அதும் தெரியும்."

"அப்போ எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தியா?"

"நீ கேக்கலியா?"

நைனா தினமும் அம்மாவிடம் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். அம்மா போனை வைத்ததும், விஜயவாடால மழையாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் மறைத்துக்கொண்டு வந்தது.

பாயசக்காரர் திரும்பி வந்தார். நைனா டம்ளரை மறுபடியும் நீட்டினார். "ஒரே ஒரு கரண்டி" என்றார். பாயசக்காரரிடம் இல்லை, அக்காவிடம்.

"அரக் கரண்டி" என்றாள் அக்கா.

அந்த அரைக் கரண்டியை அவர் வெகுநேரம் குடித்தார். கை கழுவிவிட்டு வந்து, வாழைமரம் கட்டிய என் சார்ஜரைப் பார்த்தார், அப்புறம் நின்றுபோன காரைப் பார்த்தார். "அண்டாவ எடுத்ததும் தள்ளிப் போட்டா அது பாட்டுக்கு சார்ஜ் ஏறிக்கினு கெடக்கட்டும். மாப்ள பாத்துப்பாரு. நீ வண்டில ஏறு, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

இது வந்து கூப்பிட்டதாகுமா என்று அக்கா கேட்கவில்லை. குட்டியானையின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மெதுவா ஓட்டு நைனா என்றாள்.