ஒருசந்தி நாளில் ரீத்தா மிஸி

ரீத்தா மிஸி போய்விட்டார். இன்று காலை, கீரி என்ற ஊரில், அவருடைய வீட்டிலேயே... இன்னும் நம்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எத்தனையோ வருடம் தாதியாக நின்றவர். எனக்கு அவரைத் தெரிந்தது ஒரே ஒரு நாள்தான்.

போன வருடத் தவக்காலம். அப்பாவுக்குத் தலை கொஞ்சம் பாரம். வீட்டு மெஷினில் பிரஷர் பார்த்தேன்... 210! பயத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க, ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் பறந்தோம்.

உள்ளே போய் நான் போட்ட சத்தம் இருக்கிறதே... "நாக்குக்குக் கீழ குளிசை வைச்சு உடன இறக்குங்கோ!" நான் படிப்பிப்பது கணக்கு. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே வைத்தியம் சொன்னேன்.

மிஸி அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார். சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். நெஞ்சு நோகுதோ, மூச்சு முட்டுதோ, கண் மங்குதோ? ஒன்றுமில்லை. டாக்டரும் பார்த்து, ஈ.சி.ஜி. எடுத்து, அவசரம் இல்லை என்றார். மிஸி என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, வயசுபோன ஆக்களுக்கு டக்கெண்டு இறக்கினா மூளைக்கு இரத்தம் காணாது. ஆறுதலா இறங்கட்டும்."

அப்பாவைக் கதிரையில் சாய்த்து இருத்தி, "ஐயா, ஒண்டுக்குப் போகவேணுமோ?" என்று கேட்டார். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார் மனுசன், எனக்குச் சொல்ல வெட்கம்! அடக்கினாலும் பிரஷர் ஏறுமாம்.

அந்த நேரம் இலுப்பைக்கடவையிலிருந்து ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கையில் மெஷின் கட்டுமுன்பே மிஸி கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அந்த ஓட்டம்... பிறகு பார்த்தால் அந்த அம்மாவுக்கும் அதே 210.

திரும்பி வந்து அப்பாவிடம், "இண்டைக்கு ஒருசந்தியோ ஐயா?"

"ஓம் மிஸி."

"பிரஷர் குளிசை போட்டனீங்களோ?"

"காலைச் சாப்பாட்டுக்குப் பிறகெண்டெல்லோ எழுதியிருக்கு. சாப்பிடேல்லை... எப்பிடிப் போடுறது?"

தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான்; காலையில் அவர் சாப்பிடுவதே இல்லை! தலையில் கை வைத்துக்கொண்டேன்.

மிஸி சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "தண்ணியோட போட்டா ஒருசந்தி முறியாது ஐயா. நானும் ஒருசந்திதான். போட்டிட்டுத்தான் வந்தனான்."

டாக்டரைக் கேட்டு, அதே பழைய குளிசையைத் தந்தார். ஊசி இல்லை. பின்னேரம் அப்பா நடந்தே வெளியே வந்தார்.

கத்தியதற்கு ஒரு மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை, மிஸி...

இன்றும் அப்பா ஒருசந்தி. செய்தியைச் சொன்னதும் கதிரையை விட்டு எழும்பி, தண்ணீர் எடுத்து, குளிசையைப் போட்டார்.

"வா பிள்ளை, மிஸியைப் பாத்திட்டு வருவம்."

ஆறுதலாப் போங்கோ, மிஸி.