வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய வண்டி

என் சகலை இளவரசன் எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவார். தொட்டியத்தில் அவர் கட்டிய வீட்டுக்கு மாடி கிடையாது. ஆனால் என்றைக்காவது மாடி எடுப்போம் என்று நான்கு மூலையிலும் கம்பியை நீட்டி விட்டிருக்கிறார். அது வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. மகள் மகாலட்சுமிக்குப் பட்டுப்பாவாடை தைத்தால் உள்ளே டக் பிடித்துத் தைக்க வேண்டும், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஸ்கூல் ஷூ வாங்கினால் முனையில் பஞ்சு. அந்தப் பெண் சரியான அளவில் ஒரு செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. கால் அளவுக்கு வருவதற்குள் வார் அறுந்துவிடும். கேட்டால் "வளர்ற புள்ளண்ணே" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். கல்யாணமாகி வெகு நாள் கழித்துப் பிறந்த ஒரே பெண். அவள் வளர்வதைப் பார்ப்பதுதான் மனிதருக்கு இருந்த ஒரே சந்தோஷம். வாழைத்தோப்பு, தார் வெட்டு, வியாபாரியோடு சண்டை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால், அவளைக் கதவோரம் நிறுத்தி உயரம் பார்ப்பார். நேற்றைக்கு இன்றைக்கு வளர்ந்துவிட்டாள் என்று என் கொழுந்தியாள் பிரேமலதாவிடம் சாதிப்பார்.

மகாவுக்குப் பதினொரு வயதில் டர்ட் பைக் ஆசை வந்தது. எல்லாம் போன் வீடியோ செய்த வேலை. எங்கோ ஓர் ஊரில் அவள் வயசுப் பெண் ஒருத்தி மண்மேட்டிலிருந்து பைக்கோடு பறக்கிறாள். அதை இவள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிரேமலதா திட்டினாள். இளவரசனோ, நம்ம தோப்புக்குள்ளே வண்டிப் பாதை சும்மாதானே கிடக்கிறது என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டார்கள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டித் தில்லை நகர்ப் பக்கம் இருந்த ஒரு கடைக்குப் போனார்கள். கடையில் வண்டி காட்டிய பெண்ணின் பெயர் அல்ஷிஃபா. தானும் ஓட்டுகிறவள். அவள் மகாவை ஒரு சின்னச் சிவப்பு வண்டியில் உட்கார வைத்தாள். பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்தன. மகா வாயெல்லாம் பல்லாக எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"புதுசா ஓட்டறவங்களுக்கு இதுதான் சார் முக்கியம்" என்றாள் அல்ஷிஃபா. "வண்டி சாயறப்ப காலை ஊனிக்கணும். எட்டலைன்னா எங்க ஊனறது? இன்ஜின், ஸ்பீடெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

இளவரசன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்தில் நின்ற பெரிய நீல வண்டியைக் காட்டி, "அது?" என்றார்.

"அது பாப்பாவுக்கு உயரம் ஜாஸ்தி சார்."

"வளர்ற புள்ளம்மா."

"வளந்ததும் கொண்டாங்க, மாத்திக்கலாம். சின்னதை நாங்களே திருப்பி எடுத்துக்குவோம்."

"இதை வாங்கி, மாத்தி, இன்னொண்ணு வாங்கணுமாக்கும். அடுத்த தீபாவளிக்குள்ள எட்டிரும்மா."

எனக்கு எரிச்சலாக வந்தது. "சகலை, ஷூவுக்குப் பஞ்சு வெச்சீங்க. இதுக்கு எதை வெப்பீங்க?" என்றேன். அல்ஷிஃபா சிரித்துவிட்டாள். இளவரசனும் சிரித்தார். அவர் சிரித்துவிட்டால், முடிவெடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

மகாவைத் தூக்கி நீல வண்டியில் உட்கார வைத்தார். அவள் ஒரு பக்கமாகச் சரிந்து இடது பெருவிரலால் தரையைத் தொட்டாள். வலது கால் அந்தரத்தில் தொங்கியது.

"எட்டுதா பாப்பா?"

அவள் அல்ஷிஃபாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எட்டுதுப்பா" என்றாள். இல்லையென்று சொன்னால் வண்டியே வேண்டாம் என்று கிளம்பிவிடுவாரோ என்று பயந்து சொன்னதாம். பின்னால் என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

வேகமாகப் போய் விழுந்திருந்தால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். அவள் விழுந்தது நின்ற வண்டியிலிருந்து. தோப்பைச் சுற்றி வந்தவள், கைதட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு எதிரே வாய்க்கால் ஓரமாக நிறுத்தினாள். இடது பக்கம் தரை கொஞ்சம் பள்ளம். கால் கீழே தேடியிருக்கிறது, தரை கிடைக்கவில்லை. வண்டி மெதுவாகச் சாய்ந்து அவள் முட்டி மேலேயே விழுந்தது. ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டுத்தான் இருந்தாள். அதனால் என்ன?

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்த வண்டியை விற்றுத் தொலையுங்கள் என்று பிரேமலதா கத்தினாள். இளவரசன் அதை மோட்டார் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். "இருக்கட்டும். கால் எட்டினதும் ஓட்டிக்கிடட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கொஞ்ச நாள் அவரோடு பேசவே இல்லை. கட்டுப் பிரித்தார்கள், மகா நடந்தாள், ஸ்கூலுக்குப் போனாள். தொல்லை விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மறு வருஷம் பி.டி. டீச்சர்தான் முதலில் கவனித்தார். பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள். பழையபடி தில்லை நகர், பழையபடி எக்ஸ்ரே. டாக்டர் எங்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"முட்டிக்கு மேல எலும்பு வளர்ற இடம் ஒண்ணு இருக்குங்க. அதுலதான் அடி பட்டிருக்கு. இப்ப அது மூடிக்கிச்சு. இடது தொடை எலும்பு இனிமே அந்த இடத்துல வளராது. வலது கால் வளந்துக்கிட்டே போகும்."

"டானிக் ஏதாவது..." என்றார் இளவரசன்.

டாக்டர் தலையை ஆட்டினார். "ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி, வலது காலையும் அதே இடத்துல வளராம நிறுத்திரலாம். ஆள் கொஞ்சம் குள்ளமா இருப்பா. ஆனா ரெண்டு காலும் ஏறக்குறைய சமமா இருக்கும். தள்ளிப்போட்டா வித்தியாசம் கூடிரும். அப்புறம் காலை நீட்டுற ஆபரேஷன்தான். அது ரொம்ப நாள் இழுக்கும், வலியும் ஜாஸ்தி."

"நல்லாருக்க காலையா சார்?" என்றார் இளவரசன். "அது என்ன பண்ணுச்சு?"

பிரேமலதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகாதான் டாக்டரிடம் கேட்டாள்.

"நிறுத்திட்டா சாயாம நடப்பேனா?"

"நடப்பேம்மா."

"அப்ப சரின்னு சொல்லுப்பா."

டாக்டர் இளவரசனைப் பார்த்தார். இளவரசன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. டாக்டர் மறுபடி கேட்டார். இரண்டாவது தடவை, "சரிங்க சார். நிறுத்திருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்குக் கேட்டுவிடுவது என்றுதான் பின்னாலேயே போனேன். மாடிப்படி ஓரமாக நின்று சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"ஊர்ல அத்தனை பேரும் புள்ள வளரணும்னு சாமி கும்பிடுறான். என் புள்ள வளர வேணாம்னு நானே என் வாயால ரெண்டு தடவ சொல்லிட்டு வந்துட்டேண்ணே" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.