கலியாணவீட்டுக் கோபம்

உடுவில் ஊர்க் கஜந்தினிக்குக் கலியாண அழைப்புக் காட் வடிவமைப்பது தொழில். சுன்னாகத்தில் ஓர் அச்சகத்துக் கணினிக்கு முன்னால் இருந்து, பிள்ளையாருக்கும் குத்துவிளக்குக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டிருப்பாள். முகத்தைப் பார்த்தால் பரம சாது. கை மட்டும் சும்மா இராது. கண்டவர்களை எல்லாம் கேலிப் படமாகக் கீறும்.

போன ஆவணியில் அவளுடைய தம்பி செந்தூரனுக்குக் கலியாணம். தன் பக்கம் சிற்றுண்டித் தட்டு வருமுன் ரோல்ஸ் முடிந்துவிட்டதென்று பெரியப்பா இராசநாயகம் கோபித்துக்கொண்டு, மண்டப வாசலில் நின்ற காருக்குள் ஏறி இருந்துவிட்டார். கார் அவருடையதல்ல. கார்க்காரர் திறப்புச் சாவியைக் காட்டிக் கெஞ்சியும் இறங்கவில்லை. மாப்பிள்ளைத் தோழியாக நின்ற கஜந்தினிக்குச் சிரிப்பை அடக்கியதில் வயிறு நொந்தது. இதை வைத்து சீட்டாட்டம் போல ஒரு கடுதாசி விளையாட்டே செய்யலாம் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

ஆளுக்கொரு கலியாணவீடு. கடுதாசியில் உள்ள சொந்தக்காரர் ஐந்து பேரை மண்டபத்துக்குள் இருத்தினால் தாலி கட்டலாம், வெற்றி. ஆனால் எதிராளி கோபத்துக்கான ஒரு காரணக் கடுதாசியை எறிந்தால், உதாரணமாக ‘வீடியோக்காரன் என்னை எடுக்கேல்லை’, ‘கனடாக்காரருக்கு மட்டும் முன் கதிரை’, ஒருவர் எழுந்து போய்விடுவார். திரும்பக் கூட்டிவரச் சமாதானக் கடுதாசி வேண்டும்.

பிழையாக அச்சான கலியாணக் காட்டுகளை வெட்டி முதல் கடுதாசிக் கட்டைச் செய்து, வீட்டில் விளையாடிப் பார்த்தார்கள். பின்னேரம் முழுக்க ஒருவர் வீட்டிலும் தாலி ஏறவில்லை. எல்லாரும் மற்றவர் சனத்தைக் கோபப்படுத்துவதிலேயே குறியாக இருந்தார்கள். கணவன் ஜெயரூபன் கடுதாசிகளைக் கீழே வைத்தான். “உது விளையாட்டில்லை, எங்கடை சனத்தின்ரை சரித்திரம்,” என்றான்.

யோசித்து யோசித்து ஓர் ஐயரை உள்ளே இறக்கினாள். ‘நேரம் போகுது’ என்ற அவருடைய கடுதாசி வந்தால், அந்தச் சுற்றில் எவருடைய கோபமும் செல்லாது. அதன்பிறகு விளையாட்டு முடியத் தொடங்கியது.

வாசிகசாலையில் முந்நூற்றிநாலு என்ற கடுதாசி ஆட்டம் ஆடிப் பேரெடுத்த பெரியப்பா கேள்விப்பட்டு வந்தார். ‘காருக்குள் இருக்கும் பெரியப்பா’ என்று அவள் கீறியிருந்த கடுதாசியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“உது எங்கடை மச்சான் தம்பிஐயாவல்லோ? அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கிறாய்.”

“ஓம் பெரியப்பா. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ,” என்றாள் அவள், முகம் மாறாமல்.

அன்று எல்லா ஆட்டமும் அவருக்கே. பழைய கலியாணக் காட்டுகளின் முதுகில் இருந்த பொன்னெழுத்துத் துண்டுகளை மனப்பாடம் செய்து, எவர் கையில் என்ன இருக்கிறதென்று அவர் அறிந்து ஆடியதை ஜெயரூபன் பிறகுதான் கண்டுபிடித்தான். ஆகவே அச்சுக்குப் போனபோது, தடித்த மட்டையில் எல்லா முதுகிலும் ஒரேமாதிரி மாவிலைத் தோரணம் போட்டாள். மூலைகளை உருட்டி வெட்டி, மஞ்சள் பெட்டியில் அடைத்தாள்.

கொடிகாமத்தில் ஒரு பெண்வீட்டுக்காரர், விருந்தினருக்குத் தாம்பூலப் பையோடு கொடுக்க அந்தப் பெட்டிகளை வாங்கி, அவளையும் அழைத்திருந்தார். கலியாணப் பொம்பிளை மேடைக்கு வரும்வரை சனம் பெட்டிகளைப் பிரித்து ஆடத் தொடங்கியது. கெட்டிமேளம் கொட்டியபோது பாதி மண்டபம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் மாமி நல்லம்மாவோ சாப்பிட மறுத்து, வெளியே தண்ணீர்க் குழாயடியில் போய் இருந்துவிட்டார். பெண்ணின் தகப்பன் வேர்த்து விறுவிறுத்துக் கஜந்தினியிடம் வந்தார்.

“நீர் செய்த வேலை பிள்ளை, நீரே போய்க் கூப்பிடும்.”

போனாள். நல்லம்மா கையில் கடுதாசிகள் இன்னும் விசிறிபோல் விரிந்திருந்தன. பெண்வீட்டார் ‘வீடியோக்காரன்’ கடுதாசியையே திரும்பத் திரும்ப எறிந்து, ஆட்டத்தில் அவருடைய ஒரு ஆளையே ஒவ்வொரு தரமும் எழுப்பினார்களாம்.

“ஒரே காரணத்துக்கு ஒரு மனுசி எத்தினை தரம் கோவிக்கிறது? ஞாயத்தைச் சொல்லும்.”

கஜந்தினி சிரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் யோசித்தபோது மனுசி சொன்னது சரியாகவே பட்டது. விளையாட்டில் ஓட்டை இருந்தது. “ஒருக்காத்தான் மாமி,” என்றாள்.

“அப்ப போய் அவையளுக்குச் சொல்லும்.”

மணமக்களை வாழ்த்த வைத்திருந்த ஒலிவாங்கியைப் பிடித்து, ஒரு காரணத்துக்கு ஒருவர் ஒருதரம்தான் கோபிக்கலாம் என்று கஜந்தினி சபைக்கு அறிவித்தாள். மாப்பிள்ளை பக்கம் கைதட்டியது. நல்லம்மா நிமிர்ந்த நடையோடு உள்ளே வந்தார், பந்திக்கல்ல, விட்ட ஆட்டத்துக்கு. இரண்டாவது அச்சில் அந்தச் சட்டம் பெரிய எழுத்தில் ஏறியது.